காந்திமதி வீட்டு நீல டிரம்

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைகளையும் லாட்ஜுகளையும் தாண்டி உள்ளே போகிற தெருவில் காந்திமதியின் வீடு எது என்று கேட்டால், ஒரு காலத்தில் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "நல்ல தண்ணி வர்ற வூடா? வேப்பமரத்தாண்ட பாரு" என்பார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. சுற்றிலும் கார் செய்கிறார்கள், போன் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள். வாயில் வைக்கிற மாதிரி ஒரு குடம் தண்ணீரைத்தான் யாராலும் செய்ய முடியவில்லை.

காந்திமதி அதே ஊர்க்காரி. புருஷன் வரதராஜுலு, மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டபோது வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறை கட்டி, போன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பெண்களுக்கு வாடகைக்கு விட்டாள். தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பெண்கள். அறைக்கு நான்கு பேர். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. துணி அலசும்போது குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசுகிறவளைக் கண்டால், அந்தப் பெண்ணின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். அன்று சாயங்காலமே ஷிப்ட் முடிந்து வருகிற அதே பெண்ணுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து, "தின்னு, மூஞ்சப் பாரு, காஞ்ச சுண்டக்கா மாதிரி" என்பாள். பெண்கள் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். தென்காசிப் பக்கத்து முத்துச்செல்வி மட்டும் அம்மா என்று கூப்பிட்டாள்.

தண்ணீர் கெட்டது ஒரே நாளில் அல்ல. தெருவில் லாட்ஜுகள் முளைக்க முளைக்க, அவற்றின் கழிவுத் தொட்டிகளும் முளைத்தன. போர்வெல் தண்ணீர் மெல்ல மஞ்சளானது. பிறகு சாக்கடை வாடை அடித்தது. குளித்துவிட்டு வந்தால்தான் அழுக்கானதுபோல் இருந்தது. இரண்டு அறைகள் காலியாயின.

அப்போதுதான் மகன் பிரவீன்குமாருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. ஐ.டி.ஐ. முடித்தவன். சின்னக் கம்பெனி. எங்கிருந்தோ லாரியில் வருகிற ஒரு வகைப் பாறையை உடைத்து, சலித்து, சூளையில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். பெரிய தொழிற்சாலைகளில் பெயின்ட் அடிக்கிற இடத்தின் புகையை இழுக்கவும், கழிவுத் தொட்டியில் தண்ணீரைத் தெளியவைக்கவும் அந்தக் கல் போகிறது. அதற்கு சியோலைட் என்று பேர். கம்பெனியில் எல்லோரும் பில்டர் கல் என்றுதான் சொன்னார்கள். வெளுத்த சாம்பல் நிறத்தில், உடைத்த கடலைப்பருப்பு அளவில் இருக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பிரவீன் கிழிந்துபோன மூட்டைகளிலிருந்து கல்லைச் சேர்த்துக் கொண்டுவந்தான். ஒரு நீல டிரம்மை வாங்கி, மோட்டார் பக்கத்தில் செங்கல் மேடை கட்டி ஏற்றினான். அடியில் கூழாங்கல், அதன்மேல் மணல், நடுவில் ஒரு துணி, துணிக்கு மேல் பில்டர் கல். மூடியைப் போட்டு சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டினான். அடியில் குழாய். முதல் குடம் பிடித்தபோது காந்திமதி நம்பவில்லை. மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா போட்ட உள்ள? மருந்தா?"

"மருந்துலாம் ஒண்ணுமில்லம்மா. கல்லுதான். பாக்கத்தான் கல்லு, உள்ள பூரா ஓட்டை. நம்ம கண்ணுக்குத் தெரியாது. நம்ம வூடு மாதிரின்னு வெச்சிக்கோ. ரூம் ரூமா கட்டி வுட்டிருக்குது. தண்ணில வர்ற கெட்டது அதுல பூந்து குடியிருந்துக்கும். தண்ணி மட்டும் வெளிய வரும்."

"உன் வாடகைக்காரங்க எப்ப காலி பண்ணுவாங்க?"

பிரவீன் சிரித்துவிட்டான். "அதான் விசயமே. ரூம் நெறஞ்சிப் போச்சின்னா புதுசா வர்றவன் எங்க போவான்? அப்புறம் எல்லாம் தண்ணியோடவே வந்துடும். அதுக்கு முன்ன கல்ல எடுத்து உப்புத் தண்ணில ஊறப் போடணும். உப்பு உள்ள பூந்துக்கும், பழசு காலி பண்ணிக்கினு வெளிய வந்துடும். ஒண்ணு நெனப்புல வெச்சிக்கோ. கல்லு வாடையைத்தான் புடிக்கும். கிருமிக்கு நீ காய்ச்சித்தான் குடிக்கணும்."

அதன்படியே சில மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், கல்லையெல்லாம் அள்ளி மாடிக்குக் கொண்டுபோவான். டப்பில் கல் உப்பைக் கரைத்து ஊறவைப்பான். மஞ்சளாக நீர் இறங்கும். அலசி, அம்மாவின் பழைய புடவையை விரித்துக் காயப்போடுவான். மாடியில் துணி காயப்போட வருகிற முத்துச்செல்வி, கல்லைக் கையால் புரட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காந்திமதி இரண்டொரு முறை பார்த்திருக்கிறாள். "பாவம், வாரத்துக்கு ஒரு லீவு, அதுலயும் ஒத்தாசை பண்ணுது" என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள், தன் வீட்டு மாடியில் கோட்டை விட்டாள்.

அறைகள் நிறைந்தன. பக்கத்து வீட்டிலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். நல்ல தண்ணி வீடு என்ற பேர் அப்போது வந்ததுதான்.

பங்குனியில் ஒருநாள், வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பியபோது பிரவீனின் பைக் அதற்குப் பக்கவாட்டில் இருந்தது. அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையோரம் குடியிருக்கிற எவருக்கும் அப்படிச் செய்தி வந்த வீடு ஒன்றாவது தெரியும். இருபத்தாறு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லை ஊறவைப்பதாக இருந்தான். அதற்காக வாங்கி வைத்த உப்பு மூட்டை, மேடைக்குப் பக்கத்தில் பிரிக்காமல் நின்றது.

காரியம் முடிந்தபின் கொழுந்தனார்தான் முதலில் சொன்னார். "அண்ணி, அந்த டிரம்ம யாரையாவது வுட்டுக் கழுவச் சொல்லட்டுமா? அவன் கம்பெனிலயே ஆள் கீறானுங்க."

"வருசம் திரும்பட்டும்" என்றாள் காந்திமதி.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் எதையும் மாற்றுவதில்லை. சுண்ணாம்பு அடிப்பதில்லை, புதுப்பானை வாங்குவதில்லை, பொங்கல் வைப்பதில்லை. அவர்கள் பக்கத்தில் அது பழக்கம். டிரம்மைத் திறக்கக்கூடாது என்று எந்தப் பழக்கமும் சொல்லவில்லை. அதை அவளாகவே அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்த டியூப் முடிச்சு அவன் கையால் போட்டது. அந்தக் கல் ஒவ்வொன்றும் அவன் கையால் அள்ளிப் போட்டது. அவனுடைய சட்டைகளைக்கூட ஆற்றோடு விட்டாயிற்று. அவன் கை கடைசியாகப் பட்டது பட்டபடி இருக்கிற ஒரே இடம் அதுதான். வேறொருவன் வந்து அந்த முடிச்சை அவிழ்ப்பதா?

வருஷமும் திரும்பியது. திதியும் கொடுத்தார்கள். ஆடி போகட்டும் என்றாள். ஆடியும் போயிற்று.

தண்ணீரில் மறுபடி வாடை வந்ததை முதலில் அறிந்தவள் அவள்தான். முதலில் மறைத்தவளும் அவள்தான். வெட்டிவேர் வாங்கி வந்து குடத்தில் போட்டாள். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று பெண்களிடம் சொன்னாள். மழைக்காலம் வந்தும் வெட்டிவேர் குடத்திலேயே கிடந்தது. அவளும் அந்தத் தண்ணீரையே குடித்தாள்.

பெண்கள் எதுவும் சொல்லவில்லை. மகனை இழந்தவளிடம் போய் உன் மகன் வைத்துவிட்டுப் போன தண்ணீர் நாறுகிறது என்று யார் சொல்வது? முன்போலவே காலையில் டிரம்மில் குடம் பிடித்தார்கள், அவள் பார்க்கும்படியே பிடித்தார்கள். அறைக்குப் போய் அதைக் கழிவறை வாளியில் ஊற்றினார்கள். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கி, கதவுக்குப் பின்னால் துப்பட்டாவைப் போட்டு மூடிவைத்தார்கள். கேன் போடுகிறவன், அவள் மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து வந்து போனான்.

ஒருநாள் அவள் பையை மறந்து பாதியில் திரும்பினாள். வாசலில் கேன் வண்டி.

ஆறு அறைக்கும் போனாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். ரஞ்சனி என்கிற பெண்தான் தைரியமாக, "உங்க மனசு கஷ்டப்படும்னுதான் ஆன்ட்டி" என்றாள். வாய் நீளமான காந்திமதி துப்பட்டாவை இழுத்துக் கேனை மறுபடி மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். திட்டியிருந்தால் அந்தப் பெண்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடைசி அறையில், முத்துச்செல்வியின் மூலையில் மட்டும் கேன் இல்லை. அவளுடைய எவர்சில்வர் குடம், மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் டம்ளர். குடத்தில் டிரம் தண்ணீர் இருந்தது.  எல்லோரும் போனாலும் இந்தப் பெண் ஒருத்தி தன் பிள்ளையின் தண்ணீரை மதிக்கிறாளே என்று காந்திமதிக்குப் பட்டது. மறுநாளிலிருந்து அவளே அந்தக் குடத்தை நிரப்பினாள். காலையில் பிடித்து, இடுப்பில் வைத்துக் கொண்டுபோய், கடைசி அறையின் வாசலில் இறக்குவாள். "செல்வி, தண்ணி வெச்சிக் கீறேன்" என்று குரல் கொடுப்பாள். "சரிம்மா" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவளுக்குக் காலை விடிந்தது. காய்ச்சிக் குடி என்று பிரவீன் சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை. காய்ச்சச் சொன்னால் தண்ணீரில் குறை இருப்பதாக ஆகிவிடுமே.

தை பிறந்த கையோடு முத்துச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி, பிறகு கண் மஞ்சள். கம்பெனி லைனில் வேலைக்கு நின்றபடியே மயங்கி விழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். காந்திமதிதான் கூட இருந்தாள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் காமாலை. தண்ணியால வந்திருக்கலாம். என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டாள்.

"கேன் தண்ணி டாக்டர்" என்றாள் முத்துச்செல்வி.

"எப்பவுமேவா? போர் தண்ணி, டேங்க் தண்ணி எதுவும் இல்லயே?"

"இல்ல டாக்டர். கேன் மட்டுந்தான்."

கட்டில் பக்கத்தில் காந்திமதி நின்றிருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கம்பெனி கேன்டீனாகவும் இருக்கலாம், ரோட்டுக்கடை பானிபூரியாகவும் இருக்கலாம். எதனால் என்று இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் குடத்தைத் தினமும் இடுப்பில் சுமந்தவளுக்கு, வேறெதுவும் தோன்றவில்லை.

"ஏம்மே பொய் சொன்ன?"

முத்துச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"அந்தத் தண்ணி நாறுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினே ஏம்மே குடிச்ச? என் மனசு நோவக்கூடாதுன்னா? மத்தவளுங்க மாதிரி நீயும் கொட்டிட்டு கேன் வாங்கிக்க வேண்டியதுதான? நான் இன்னா உன்னக் கொன்னா போட்டுடப் போறேன்?"

 சுவரைப் பார்த்தபடியே முத்துச்செல்வி கேட்டாள்.

"நீங்க என்னத்துக்கும்மா குடிச்சிய?"

  காந்திமதிக்கு மாடியில் விரித்த பழைய புடவையும், கல்லைப் புரட்டுகிற இரண்டு ஜோடிக் கைகளும் நினைவுக்கு வந்தன. அவன் போன அன்று இந்தப் பெண் ஷிப்டுக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்ததும், காய்ச்சலாக இருக்கும் என்று தான் எண்ணியதும் நினைவுக்கு வந்தன. அன்று வந்தவர்களெல்லாம் காந்திமதியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசி அறையின் கதவை யாரும் தட்டவில்லை.

"எம்மாம் நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவிய டிரம் வச்ச வருசத்துல இருந்தும்மா."

காந்திமதி அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ரஞ்சனியைத் துணைக்கு வைத்துவிட்டு, அவள் வீட்டுக்கு வந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. முடிச்சை அவிழ்க்கத்தான் வெகுநேரம் ஆயிற்று. வெயிலில் ரப்பர் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. நகம் உடைய உடைய அவிழ்த்தாள்.

மூடியைத் தூக்கியதும் அடித்த நாற்றத்தில் ஒரு அடி பின்னால் போனாள். கல் கறுத்துப்போய், வழுவழுவென்று பாசி பிடித்துக் கிடந்தது. அவன் வைத்ததை வைத்தபடி காப்பாற்றினோம் என்று இருந்தாளே, அவன் வைத்தது எதுவும் அங்கே இல்லை. கையை விட்டு அள்ளினாள். பாதி கல்லாகவே வந்தது. பாதி விரலிடுக்கில் சேறாக வழிந்தது. கல்லுக்கு அடியில் துணி தட்டுப்பட்டது. தூக்கினாள். அவனுடைய பழைய நீலச் சட்டை. கம்பெனியில் சேர்ந்த புதிதில் கொடுத்தது. அதைத்தான் துணியாகப் போட்டிருக்கிறான். காலரைப் பிடித்துத் தூக்கியதும் காலர் மட்டும் அவள் கையோடு வந்தது. மீதி அங்கேயே கரைந்து கிடந்தது.

மேடைமேல் சாய்ந்துகொண்டு அழுதாள். கருமாதிக்குக்கூட அப்படி அழவில்லை.

பிறகு எழுந்து கல்லையெல்லாம் மாடிக்குச் சுமந்தாள். உப்பு மூட்டை ஒரே பாறையாக இறுகிப்போயிருந்தது. உலக்கையால் குத்தி உடைத்து, டப்பில் கரைத்தாள். நீர் மஞ்சளாக இறங்கியது. கொட்டிவிட்டு மறுபடி கரைத்தாள். மறுபடியும் மஞ்சள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இதே வேலையாக இருந்தாள். நீர் தெளிவாக இறங்கியபோது கல் பாதிதான் மிச்சம் இருந்தது.

முத்துச்செல்வி எழுந்து நடமாடத் தொடங்கியபோது அவளுடைய தாய் சொர்ணம்மாள் ஊரிலிருந்து வந்தாள். பேச்சில் ஏச்சு இல்லை, ஆனால் முடிவாக இருந்தது. "போதும்மா. இவ சம்பாத்தியத்துலயா நாங்க பொழைக்கணும். ஊர்ல மாப்பிள்ள பாத்திருக்கு. கூட்டிட்டுப் போறேன்." கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டாள். காந்திமதி வழி சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியை எடுக்க வந்த முத்துச்செல்வி அறைக்குப் போகவில்லை. டிரம் கவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நேரே மாடிக்கு ஏறினாள். பழைய புடவையில் கல் காய்ந்துகொண்டிருந்தது. பழையபடி வெளுத்த சாம்பல் நிறம். உட்கார்ந்து, கையால் மெல்லப் புரட்டிவிடத் தொடங்கினாள். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஓடியது. காந்திமதி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமாவப் போவுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"சொல்லி என்னம்மா ஆவப் போவுது. அவியளே இல்ல."

"நான் ஒருத்தியே அழுதுகினு இருந்தேனே. நீ அந்த ரூம்ல, நான் இந்த ரூம்ல. ஒரு செவுருதான, கண்ணு, நடுவுல. ரெண்டு பேரும் சேந்தாவது அழுதிருக்கலாமே."

முத்துச்செல்வி புரட்டுவதை நிறுத்தினாள். அப்போதுதான் அழுதாள். காந்திமதி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கீழே சொர்ணம்மாள், "ஏ பிள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிடும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

"கல்யாணத்துக்குச் சொல்லு" என்றாள் காந்திமதி பஸ் ஸ்டாப்பில். "சொல்லுதேம்மா" என்றாள் அவள். சொல்ல மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வாரமே அவனுடைய கம்பெனியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து டிரம்மைத் தேய்த்துக் கழுவி, குறைந்துபோன அளவுக்குப் புதுக் கல்லும் வாங்கிக் கலந்து நிரப்பினாள். புதுத் துணி போட்டாள். முடிச்சை அந்த ஆள்தான் போட்டான். தண்ணீர் தெளிவாக வந்தது. வாடை இல்லை. வெட்டிவேரை எடுத்து வெளியே போட்டாள். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்தாள்.

மறுநாள் காலை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசி அறையின் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். "தண்ணி வெச்சிக் கீறேன்" என்று குரல் கொடுத்தாள். முத்துச்செல்வியின் இடத்துக்கு முந்தின நாள்தான் வந்திருந்த பெண் கதவைத் திறந்தாள். விளாத்திகுளத்துப் பெண். வேலைக்குக் கிளம்பி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தாள். குடத்தைப் பார்த்தாள், காந்திமதியைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் ஆன்ட்டி. நான் கேன் சொல்லிட்டேன்" என்றாள்.

"காய்ச்சினதும்மா. நல்ல தண்ணி" என்றாள் காந்திமதி.

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்குப் போனாள். காந்திமதி குடத்தைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.